பழைய காரும் புதிய வார்ப்பும்

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சென்னைச் சாலையொன்றில் நீங்கள் நடந்து செல்கிறீர்கள். ஐம்பது வயதைக் கடந்த கார் ஒன்று, மெருகு குலையாத மேனியோடு உங்களைத் தாண்டிப் போகிறது. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். முதியவர் ஒருவர், "ஹெரால்டு! நம்ம வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டி" என்று பேரனுக்குக் காட்டுகிறார்.

கண்டு மகிழ்ந்த நாம் ஒன்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் செய்த தொழிற்சாலை இன்று இயங்கவில்லை. அந்தக் காரின் எஞ்சினில் இரும்பு உறுப்பு ஒன்று விரிசல் விட்டால் அதை யார் தருவார்கள்? சென்னையில் பழைய மோட்டார் உறுப்புகளுக்குப் பேர்போன புதுப்பேட்டையில் தேடலாம். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால்? காயலான் கடையே அந்தக் காரின் கடைசி நிறுத்தமாகிவிடும். அல்லது அந்த உறுப்பைப் புதிதாக வார்க்க வேண்டும்.

வார்ப்பது என்றால் என்ன? ஒரேயொரு உறுப்பை வார்ப்பது ஏன் இத்தனை கடினம்? திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்திற்கும் இந்தக் கலைக்கும் என்ன தொடர்பு? இக்கட்டுரையில் காண்போம்.

சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி

உலோகத்திற்கு உருவம் தருவதற்குப் பழமையான வழிகள் இரண்டு. ஒன்று, காய்ச்சி அடிப்பது. கொல்லர் அரிவாள் அடிப்பதும் வண்டிச் சக்கரத்திற்குப் பட்டை கட்டுவதும் இந்த வழி. மற்றொன்று, உருக்கி ஊற்றுவது. பதநீரைக் காய்ச்சிப் பாகு பதம் வந்ததும் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் சிரட்டையின் உட்குழிவு அப்படியே கருப்பட்டியின் வடிவமாகிறது. வார்ப்பின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. சிரட்டைதான் அச்சு, பாகுதான் உருகிய உலோகம்.

ஆனால் கருப்பட்டிக்கு இல்லாத தொல்லைகள் உலோகத்திற்கு உண்டு. துத்தநாகம் 420 டிகிரி செல்சியஸ் அளவில் உருகுகிறது. அலுமினியம் 660 டிகிரியில். செம்பு 1,085 டிகிரியில். தூய இரும்புக்கு 1,538 டிகிரி வேண்டும். ஆயினும் இரும்போடு 3 முதல் 4 விழுக்காடு வரை கரியும் சிறிது சிலிக்கனும் சேர்ந்தால் அதன் உருகுநிலை ஏறத்தாழ 1,150 முதல் 1,200 டிகிரி வரை இறங்கிவிடுகிறது. இதுவே வார்ப்பிரும்பு. எளிதில் உருகும், நீர்போல் ஓடும், அச்சின் மூலைமுடுக்குகளை நிரப்பும். காரின் எஞ்சின் உடல் நெடுங்காலம் வார்ப்பிரும்பாலேயே செய்யப்பட்டதன் காரணம் இதுதான்.

ஆதிச்சநல்லூர் முதல் பரங்கிப்பேட்டை வரை

உலோகம் வார்ப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் 1899-க்கும் 1905-க்கும் இடையே அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, ஈமத்தாழிகளோடு அழகிய வெண்கலப் பொருள்களும் கிடைத்தன. பிற்காலத்தில் சோழர் காலக் கலைஞர்கள் மெழுகு முறையில் வார்த்த செப்புத் திருமேனிகளை உலகமே வியக்கிறது.

அந்த முறை இன்றும் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் வாழ்கிறது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, முதலில் மெழுகில் உருவத்தைச் செய்கின்றனர். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகின்றனர். பிறகு சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே உருவத்தின் வெற்றிடம் நிற்கும். அதில் உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண்ணை உடைத்து எடுக்கின்றனர். அச்சு உடைந்துவிடுவதால் ஒரு மெழுகுக்கு ஒரு சிலைதான். ஒன்றைப்போல் மற்றொன்று இராது. 'ஒன்றே ஒன்று' என்னும் இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். பழைய கார்களிடம் வரும்போது மீண்டும் இது தேவைப்படும்.

ஐரோப்பாவில் வார்ப்பு வேறொரு திசையில் வளர்ந்தது. இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707-இல் இரும்புப் பாத்திரங்களை மணல் அச்சில் வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1709-இல் கோல்புரூக்டேலில், மரக்கரிக்குப் பதிலாகச் சுட்ட நிலக்கரியாகிய கோக்கைக் கொண்டு இரும்பை உருக்கினார். 1794-இல் ஜான் வில்கின்சன் குபோலா உலைக்குக் காப்புரிமை பெற்றார். மணல் அச்சில் ஒரு வசதி உண்டு. அச்சு ஒவ்வொரு முறையும் உடைந்தாலும், அதை உண்டாக்கிய மரமாதிரி உடைவதில்லை. ஒரே மாதிரியைக் கொண்டு ஆயிரம் அச்சுகள் செய்யலாம். ஆயிரம் உறுப்புகள் வார்க்கலாம். இயந்திர யுகம் இந்த 'ஆயிரத்தின்' மேல் எழுந்ததாகும்.

தமிழகத்திற்கு இந்தப் புதிய இரும்புத் தொழிலைக் கொண்டுவர முயன்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத். 1830-ஆம் ஆண்டையொட்டி அவர் பரங்கிப்பேட்டையில் ஊதுலை அமைத்தார். அவர் எரித்தது மரக்கரி. காடுகளை விழுங்கும் எரிபொருளை நம்பிய அந்தத் தொழில் நீடித்து நிற்கவில்லை. கொடுமணல் போன்ற ஊர்களில் பண்டைக் காலத்திலேயே மூசையில் உருக்கு செய்த நாடு, இயந்திர வார்ப்புக்கு மேலும் ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

கப்பலில் வந்த காரும் உறுப்பும்

1840-இல் சென்னையில் குதிரை வண்டி கட்டும் நிறுவனமாகத் தோன்றியது சிம்ஸன். அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். இந்தியாவில் உருவான முதல் நீராவிக் கார் அது. அந்நாளில் சென்னைச் சாலைகளில் ஓடிய மற்றக் கார்கள் கப்பலில் வந்தவை. கட்டடக் கலையில் புகழ்பெற்ற நம்பெருமாள் செட்டியார், கார் வாங்கிய முதல் சென்னை இந்தியராகப் பேசப்படுகிறார்.

கார் கப்பலில் வந்தால் உறுப்பும் கப்பலில்தான் வரவேண்டும். ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் கடிதம் எழுதிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது கப்பல்களும் அரிதாயின. காத்திருக்க முடியாதவர்கள் உள்ளூர்ப் பட்டறைகளை நாடினர். பழுது பார்க்கப் பழகிய கை மெல்ல மெல்லச் செய்து பார்க்கவும் பழகியது.

இன்னொரு பக்கம் கோயம்புத்தூரில் நூற்பாலைகளும் கிணற்றுப் பாசனமும் வார்ப்படத் தொழிலை வளர்த்தன. 1937-இல் டி. பாலசுந்தரமும் ஜி. டி. நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தனர். மோட்டாரின் கூடும் பம்பின் உடலும் வார்ப்பிரும்பே. ஆகவே பம்பு பெருகப் பெருக வார்ப்படச் சாலைகளும் பெருகின.

எண்ணூரில் மூண்ட உலை

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. பின்னர் இதுவே 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1948-இல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் நிறுவனமும் சென்னையில் தோன்றியது. 1949-இல் செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் தொடங்கப்பட்டது. திருவொற்றியூரில் 1955 முதல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வேரூன்றியது.

முதலில் இவற்றிற் பல, வெளிநாட்டு உறுப்புகளைப் பெட்டியில் வரவழைத்து இங்கே பூட்டுபவைதாம். 1953-இல் சுங்கவரிக் குழுவின் பரிந்துரையை மைய அரசு ஏற்றது. உள்நாட்டிலேயே உறுப்புகளைச் செய்யும் திட்டமுள்ள நிறுவனங்களுக்குத்தான் இடம் என்று முடிவாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. மீதி நின்றவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்தது: எஞ்சின் உடலை இங்கேயே யார் வார்ப்பது?

அதற்கான விடைகளில் ஒன்று 1959-இல் தோன்றிய எண்ணூர் பவுண்டரீஸ். லாரி எஞ்சின்களுக்குரிய பெரிய வார்ப்புகளை அது செய்தது. பின்னாளில் அது ஹிந்துஜா பவுண்டரீஸ் என்று பெயர் மாறி, இறுதியில் அசோக் லேலண்டோடு இணைந்தது. 1960-களின் தொடக்கத்தில் பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம்-கிளேட்டன் என்று உறுப்புத் தொழிற்சாலைகள் வரிசையாக எழுந்தன. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. பெரிய ஆலைக்குச் சிறிய உறுப்பு செய்து தரும் லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் அதைச் சுற்றி முளைத்தன.

இந்த இடங்களெல்லாம் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதிகள். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தபோது எண்ணூர், அம்பத்தூர், திருவொற்றியூர்ப் பகுதிகள் அதில் சேர்ந்தன. 2018-இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது அங்கே போய்விட்டன. திருவள்ளூர் நகரையொட்டி ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் உருவாயின. அதே ஆலையிலிருந்து 2021-இல் சிட்ரோயன் கார்கள் வெளிவந்தன.

வடக்கே ரயிலில் சென்றால் பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டி வரும். அங்குள்ள சிப்காட் வளாகத்திலும் சுற்றுப்புறத்திலும் இரும்பை உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் உள்ளன. மின்தூண்டல் உலையில் பழைய இரும்பு உருகிப் பாளமாகிறது. பாளம் கட்டடக் கம்பியாகிறது. பழைய காருக்கு இந்த உலைகள் எமனாகவும் அமையலாம். இதே வகை உலை வார்ப்படச் சாலையில் இருந்தால் வைத்தியனாகவும் அமையலாம். உருக்கித் தூணுக்குக் கம்பியாக்குவதும் உலைதான். உடைந்த உறுப்பை மீண்டும் வார்த்துக் காரை ஓடவைப்பதும் உலைதான். எது நடக்கும் என்பதை முடிவு செய்வது மனிதரின் திறமையும் பொறுமையும்.

ஆலை நின்றபின்

ஸ்டாண்டர்டு நிறுவனம் 1961 முதல் ஹெரால்டையும், 1972 முதல் 1977 வரை கெஸலையும் விற்றது. 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 என்னும் பெரிய கார் எதிர்பார்த்தபடி விற்கவில்லை. 1988-இல் உற்பத்தி நின்றது. பிரிட்டனிலேயே 1963-இல் மறைந்த 'ஸ்டாண்டர்டு' என்னும் கார்ப் பெயர், சென்னையில் மேலும் 25 ஆண்டுகள் வாழ்ந்தது என்பது வியப்பன்றோ!

ஓர் ஆலை நின்றால் அதன் கட்டடமும் இயந்திரமும் விலை போகும். வரைபடங்களுக்கும் மரமாதிரிகளுக்கும் விலை இல்லை. வரைபடம் காகிதக் கட்டாகிறது, மாதிரி விறகாகிறது. ஓர் உறுப்பின் உண்மையான விதை அந்த மாதிரிதான். விதை போனபின் கையில் இருப்பது உடைந்த பழைய உறுப்பு ஒன்று மட்டுமே.

"வேறு வண்டியின் எஞ்சினைப் பூட்டிவிட்டால் போயிற்று" என்று நீங்கள் கேட்கலாம். பழைய கார்கள் பல அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தன. இன்று அதற்கு ஒரு தடை உண்டு. மைய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி வகுத்தது. முதற் பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்து, சட்டகம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவு கிடைக்கும். எஞ்சினை மாற்றினால் அந்தத் தகுதி போய்விடலாம். பழைய உறுப்பைப் பழையபடியே செய்ய வேண்டிய தேவை இதனால் கூடியிருக்கிறது.

நான்கு மில்லிமீட்டர்க் கதை

இப்போது ஒரு கற்பனைச் சோதனை செய்வோம். உங்களிடம் பழைய கார் ஒன்று இருக்கிறது. எஞ்சினிலிருந்து எரிந்த புகையைத் திரட்டி வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு விரிசல் விட்டுவிட்டது. அது வார்ப்பிரும்பாலானது, நீளம் 40 சென்டிமீட்டர். உடைந்த உறுப்பை ஒட்டவைத்து, அதையே மாதிரியாக மணலில் பதித்து, புதிதாக வார்க்கச் சொல்கிறீர்கள். பளபளவென்று புது உறுப்பு வருகிறது. எஞ்சினில் வைத்துப் பார்த்தால் மரையாணித் துளைகள் பொருந்தவில்லை. ஏன்?

உருகிய உலோகம் உறைந்து ஆறும்போது சுருங்குகிறது. வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கு சுருங்கும். அலுமினியக் கலவைகள் 1.3 பங்கு; வார்ப்பு எஃகு 2 பங்கு. 40 சென்டிமீட்டர் மாதிரியிலிருந்து பிறந்த உறுப்பு 39.6 சென்டிமீட்டர்தான் இருக்கும். நான்கு மில்லிமீட்டர் குறைவு! ஆகவே மாதிரி 40.4 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். மாதிரி செய்யும் தச்சர் இதற்கென்றே சுருக்க அளவுகோல் வைத்திருப்பார். அதில் ஒரு சென்டிமீட்டர் என்று குறித்த இடைவெளி உண்மையில் சற்றுக் கூடுதலாக இருக்கும். கணக்குப் போடும் வேலையை அளவுகோலே செய்துவிடுகிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. எஞ்சினோடு ஒட்டும் முகத்தைப் பின்னர் இழைத்துச் சமப்படுத்த வேண்டுமாகையால், அங்கே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதல் கனம் தரவேண்டும். மாதிரியை மணலிலிருந்து உருவும்போது சுவர் இடியாதபடி, பக்கங்களைச் சிறிது சரிவாக அமைக்கவேண்டும். மானிஃபோல்டு உள்ளே கூடானது. அந்தக் கூட்டை உண்டாக்க, உள்வடிவத்தை மணலில் தனியே செய்து அச்சினுள் நிறுத்தவேண்டும். இதைத் தொழிலாளர் 'கோர்' என்பர். வளைந்து வளைந்து செல்லும் குழாய்க்கு வளைந்த கோர் வேண்டும். அது ஒரு பக்கம் நகர்ந்துவிட்டால், ஒரு சுவர் தடித்தும் மறுசுவர் மெலிந்தும் போகும்.

பிறகு மணல். சிலிக்கா மணலோடு களிமண்ணும், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை நீரும் கலந்து பிசைவர். கைப்பிடி மணலை இறுக்கிப் பிடித்து, உடைத்து, விளிம்பு கூராக உடைகிறதா என்று பார்ப்பது பழைய தொழிலாளரின் சோதனை. நீர் குறைந்தால் அச்சு உதிரும். மிகுந்தால் ஆபத்து. நீர் ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரிகிறது. அந்த ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் உறுப்பில் காற்றுக்குழிகள் தோன்றும். சில வேளை உருகிய இரும்பே சீறித் தெறிக்கும். காலுக்குக் காப்புறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் உலை முன் நிற்பது வீரம் அன்று. மணற்பொடியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் கெடும் என்பதையும் மறக்கலாகாது.

உடைந்த முகம் சொல்லும் செய்தி

வடிவம் சரியானால் போதுமா? போதாது. வார்ப்பிரும்பில் கரி மெல்லிய இதழ்களாகப் பிரிந்து நின்றால் அது சாம்பல்நிற இரும்பு. கடைசல் பொறியில் எளிதில் வெட்டலாம். உலோகம் விரைவில் ஆறிவிட்டால் கரி பிரிய நேரமில்லாமல் இரும்போடு சேர்ந்து கெட்டியான சேர்மமாகிவிடும். அது வெள்ளை இரும்பு. கண்ணாடிபோல் உடையும், துரப்பணம் அதில் இறங்காது. மானிஃபோல்டின் மெல்லிய சுவர்கள் விரைவில் ஆறக்கூடியவை. ஆகவே, கரி பிரிவதைத் தூண்டும் சிலிக்கன் அளவில் கவனம் வேண்டும்.

இதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. உலையிலிருந்து சிறிது எடுத்து ஆப்பு வடிவத்தில் வார்த்து, ஆறவைத்து, சம்மட்டியால் உடைப்பர். ஆப்பின் கூரிய முனை விரைவில் ஆறுவதால் வெண்மையாகவும், தடித்த பக்கம் சாம்பலாகவும் இருக்கும். வெண்மை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்த்தே, இந்த இரும்பு இந்த உறுப்புக்கு ஆகுமா என்று தேர்ந்த தொழிலாளர் சொல்லிவிடுவார். சாம்பல்நிற இரும்பின் நொறுங்கும் குணத்தைக் குறைக்கவும் வழி உண்டு. 1943-இல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ், சிறிது மக்னீசியம் சேர்த்தால் கரி இதழ்களாகாமல் உருண்டைகளாகத் திரள்கிறது என்று கண்டார். இந்த உருண்டைக்கரி இரும்பு வளைந்து கொடுக்கும், எளிதில் உடையாது.

பழைய கார்களில் இன்னொரு விந்தை நோயும் உண்டு. கார்புரேட்டர், கதவுக் கைப்பிடி போன்ற சிறு உறுப்புகளைத் துத்தநாகக் கலவையில் வார்த்தனர். முற்காலக் கலவைகளில் ஈயம் போன்ற மாசுகள் சிறிதளவு இருந்தன. ஈரமும் வெப்பமும் பட்டால், உலோக மணிகளுக்கு இடையே அரிப்பு நுழைந்து, உறுப்பு உப்பி வெடித்துத் தானாகவே உதிரும். தொடாமல் பெட்டியில் வைத்திருந்த புது உறுப்பும் தப்பாது! 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 99.99 விழுக்காடு தூய துத்தநாகத்தைக் கொண்டு 'ஸாமக்' கலவைகளை உருவாக்கியபின் இந்தத் தொல்லை குறைந்தது. இத்தகைய உறுப்பைச் சுவாமிமலை முறையின் தம்பியாகிய மெழுகு அச்சில், பித்தளையிலோ வெண்கலத்திலோ மீண்டும் வார்க்கலாம். 1907-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் டாகர்ட் பல்லில் பதிக்கும் தங்கத் துண்டுகளை மெழுகு முறையில் வார்த்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமான எஞ்சினின் சுழலித் தகடுகளுக்கும் அதே முறை கைகொடுத்தது. பழங்கலை புது வேலைக்கு வந்தது.

ஒன்றே ஒன்று

ஆனால் பெரும் தடை உலோகத்தில் இல்லை; எண்ணிக்கையில் இருக்கிறது. டன் கணக்கில் உருக்கும் ஆலையிடம் சென்று "ஐந்து கிலோவில் ஓர் உறுப்பு வேண்டும்" என்றால் என்ன விடை வரும்? ஆயிரம் உறுப்பு வார்த்தால் மாதிரியின் செலவு ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரையும். ஒன்றே வார்த்தால் முழுச் செலவும் அதன் தலையில் விழும். ஆகவே இரும்பின் விலையைவிட மாதிரியின் கூலி பன்மடங்கு மிகுகிறது.

இதற்குச் சில வழிகள் உள்ளன. ஒரே வகைக் கார் வைத்திருப்பவர்கள் கூடி, பத்துப் பதினைந்து உறுப்புகளுக்கு ஒரே மாதிரியாகச் செலவைப் பகிரலாம். சிறிய வார்ப்படச் சாலை ஒன்றில், அன்றாட வேலைக்கு உலை மூட்டும் நாளில், தனி அச்சு ஒன்றையும் வரிசையில் வைக்கச் சொல்லலாம். அண்மைக் காலத்தில் உடைந்த உறுப்பைக் கணிப்பொறி வழியாக அளந்து, சுருக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, மாதிரியையோ மணல் அச்சையோ அடுக்கடுக்காக அச்சிட்டு எடுக்கும் இயந்திரங்களும் வந்துள்ளன. சில வேளை உறவு முறையும் உதவும். ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் 2,088 கன சென்டிமீட்டர் எஞ்சின், ஃபெர்குசன் டிராக்டரிலும் வேலை செய்தது. காருக்குக் கிடைக்காத உறுப்பு டிராக்டரின் உறவில் கிடைத்துவிடலாம்!

எல்லா உறுப்பையும் இப்படி வார்க்கலாமா? கூடாது. மானிஃபோல்டு உடைந்தால் கார் இரைச்சலிடும். ஸ்டியரிங்கோடு சேர்ந்த கை உடைந்தால் உயிர் போகும். வார்ப்பின் உள்ளே மறைந்திருக்கும் குழி கண்ணுக்குத் தெரியாது. சாயநீர் பூசி மேற்பரப்பு விரிசலைக் காணலாம். உட்குறையைக் காண எக்ஸ்-கதிர் போன்ற சோதனை வேண்டும். முதலில் தட்டி அடித்துச் செய்யப்பட்ட உறுப்பை வார்த்து மாற்றுவது மிகப் பெரிய தவறு. ஓட்டுபவர் மட்டுமல்ல, சாலையில் நடந்து செல்லும் நீங்களும் அதற்கு விலை கொடுக்க நேரும்.

பெரம்பூரும் பொன்மலையும்

தனியொருவரின் காருக்கு மட்டும் உரிய கவலை இது என்று எண்ணிவிடாதீர்கள். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன், தாம்ஸன், ஹெவிட்ஸன் நிறுவனம் செய்த நீராவி ரயில் எஞ்சின்கள் இரண்டு இந்தியாவில் உள்ளன. ஒன்று 'ஃபேரி குவீன்', மற்றொன்று 'எக்ஸ்பிரஸ்'. காட்சிப் பொருளாக நின்றுபோன எக்ஸ்பிரஸை 2010-இல் பெரம்பூர் ரயில் எஞ்சின் பணிமனை மீண்டும் ஓடவைத்தது. உறுப்புகளை இழந்து நின்ற ஃபேரி குவீனும் பெரம்பூரிலேயே புத்துயிர் பெற்றது. நீலகிரி மலை ரயிலுக்கு ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரிலிருந்து எஞ்சின்கள் வந்தன. அதே வகை நீராவி எஞ்சின்களை, இருபத்தோராம் நூற்றாண்டில் திருச்சி பொன்மலைப் பணிமனை புதிதாகவே கட்டியது. செய்த நிறுவனம் மறைந்தாலும் அல்லது கைவிட்டாலும், செய்யும் அறிவு இங்கே இருந்தால் பொருள் பிழைக்கும் என்பதற்கு இவை சான்று.

அந்த அறிவு எங்கே இருக்கிறது? பாதி நூல்களில் இருக்கிறது. பாதி மாதிரித் தச்சர், அச்சு மணல் பிசைபவர், உலை பார்ப்பவர் ஆகியோரின் கைகளில் இருக்கிறது. கையில் உள்ள பாதியை எழுதி வைத்தவர் சிலரே. மரமாதிரி செய்யும் வேலைக்கு இளைஞர் வருவது அரிதாகிவிட்டது. அவர்கள் ஓய்வு பெற்றால் ஹெரால்டு மட்டுமா நிற்கும்? ஊர்க் கிணற்றின் பழைய பம்பு, நூற்பாலையின் பழைய இயந்திரம், மருத்துவமனையின் பழைய கொதிகலம் எதற்கும் மாற்றுறுப்பு செய்ய ஆள் இராது. இன்று திருவள்ளூரில் புதிதாகப் பிறக்கும் கார்களும் ஒருநாள் பழையவை ஆகும் அல்லவா?

திருவள்ளூர் வட்டாரத்திற்குக் கருவி செய்யும் கலை மிக மிகப் பழையது. கொசஸ்தலையாற்றுப் படுகையில் அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டார். அங்குள்ள ஒருவகைக் கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. கல்லைத் தட்டி விளிம்பைப் பார்த்த அந்தக் கைகளும், ஆப்பு இரும்பை உடைத்து அதன் முகத்தைப் பார்க்கும் கைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: பொருளைச் சோதித்து அறிகின்றன.

மாணவர்களே, அடுத்த முறை காயலான் கடையைக் கடக்கும்போது, உடைந்த வார்ப்பிரும்புத் துண்டு ஒன்றைக் கவனமாக எடுத்து அதன் உடைந்த முகத்தைப் பாருங்கள். சாம்பலா, வெள்ளையா? சுவர் எங்கே மெலிந்திருக்கிறது? கோர் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது? அது ஏன் உடைந்தது என்று உங்களுக்கே விளங்கத் தொடங்கும். அருகில் ஒரு வார்ப்படச் சாலை இருந்தால், ஆசிரியரோடு சென்று, உலை மூட்டும் நாளில் எட்ட நின்று பாருங்கள். அங்குள்ள மூத்த தொழிலாளர் சொல்வதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.